சவுதியில் தெரிந்த என் கல்யாணம்

ஸ்டுடியோ கதவைத் திறந்ததும் ஏசி குளிரும் புது ஆல்பத்தின் பசை வாசனையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். என் கல்யாணத்துக்கு வீடியோகிராபர் தேடி அரியலூரில் அலைந்த நாட்களை நினைத்தால் முதலில் அந்த வாசனைதான் வருகிறது...

நான், அம்மா, பெரியப்பா. மூன்று பேரும் சோபாவில் வரிசையாக உட்காருவோம். டிவியில் யாரென்றே தெரியாதவர்கள் கல்யாணத்தைப் போட்டுக் காட்டுவார்கள். ரோஜாப்பூவுக்குள் மாப்பிள்ளை, நிலாவுக்குள் பொண்ணு!

வீடியோ எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் போவோம். ஆனால் பெரியப்பா, "பந்தியில ரெண்டு பொரியல் வச்சிருக்கான் பாரு" என்பார். அம்மா, "அந்தப் பொண்ணு புடவ நல்ல கலருடி" என்பாள். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட திருப்தியோடு வெளியே வருவோம். வீடியோ நன்றாக இருந்ததா என்று கேட்டால் மூன்று பேரும் முழிப்போம்.

சிரிப்புக்கு நடுவே ஒரு பாரம் இருந்தது. அப்பா சவுதியில் கிரேன் ஆபரேட்டர். கம்பெனியில் லீவு தரவில்லை. முகூர்த்தத்தைத் தள்ளிப் போட மாப்பிள்ளை வீட்டில் சம்மதிக்கவில்லை.

"டிவிடிய யாருகிட்டயாவது குடுத்தனுப்புங்கம்மா, பார்த்துக்கறேன்" என்று போனில் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் ஒரே பொண்ணு.

பெரம்பலூரில் ஒரு சின்ன ஸ்டுடியோ. செல்வம் என்று ஒருவர் வைத்திருந்தார்.

"நிலா, ரோஜாப்பூ எல்லாம் எங்கிட்ட சுமாராத்தான் இருக்குங்க. ஆனா லைவ் போடுவேன். உங்கப்பா அங்கேருந்தே, தாலி கட்டுறத அந்த நேரத்துலயே பார்க்கலாம். டவர் மட்டும் கிடைக்கணும்."

இப்போது இதெல்லாம் ஒரு விஷயமா? அப்போது, கடல் தாண்டி இருக்கிற மனுஷன் கண்ணுக்கு நம் மண்டபம் அப்படியே தெரியும் என்றால் நம்பவே முடியவில்லை.

மாப்பிள்ளையோட அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. திருச்சியிலிருந்து கிரேன் கேமரா வந்தால்தான் கௌரவம் என்று நின்றார். பெரியவர்கள் பேசும்போது அம்மா வாயே திறக்க மாட்டாள். அன்றைக்குத் திறந்தாள்.

"கிரேன் ஓட்டத்தான் அவரு அங்க கெடக்காருங்க. இங்கயும் ஒரு கிரேன் எதுக்கு? அவரு கண்ணுக்குத் தெரியற மாதிரி எடுக்குற ஆளுதாங்க வேணும்."

மாமனார், "செரிங்க தங்கச்சி" என்றார். செல்வத்தைப் பேசி முடித்தோம்.

மண்டபம் திருமழபாடியில், கோயில் பக்கம். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பார்களே, அந்த ஊர். முதல் நாளே செல்வம் வந்து நெட் ஸ்டிக்கும் லேப்டாப்புமாக மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேடையில் டவர் சுத்தமாக இல்லை. வாசல் பக்கத்தில் மட்டும் கிடைத்தது.

பெரியப்பா யோசிக்கவே இல்லை. "அப்ப மணவறைய இங்க தூக்கிப் போடுங்கடா!"

ஐயர், "கிழக்க பார்த்து உக்காந்தா செரி" என்று சொல்லிவிட்டார். டவருக்காக மணவறை இறங்கி வாசலுக்கு வந்தது எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மட்டும்தான் இருக்கும்!

அதில்தான் வந்தது வினை. மேடையும் இல்லை, உயரமும் இல்லை. கேமரா சவுதிக்குப் போகிறது என்று சொந்தமெல்லாம் தெரிந்துகொண்டது. ஒவ்வொருவராகக் கேமரா முன்னால் வந்து, "மாமா, சௌக்கியமா?", "மச்சான், உடம்பப் பார்த்துக்குங்க" என்று கையாட்டுகிறார்கள். அத்தை ஒருத்தி பேரனைத் தூக்கிக் காட்டி, "ஒங்கள மாதிரியே இருக்கான் பாருங்கண்ணே" என்கிறாள். செல்வம் கெஞ்சிக்கொண்டே இருந்தார். யார் கேட்டது?

முகூர்த்த நேரம். கூட்டமெல்லாம் எழுந்து மணவறையைச் சூழ்ந்துகொண்டது. பெரியப்பா கையில் இருந்த செல்போன் அடித்தது. அப்பா! பெரியப்பா ஸ்பீக்கரில் போட்டு, மண்டபத்து மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"ஐயா, எல்லாரும் கொஞ்சம் உக்காருங்கய்யா... எம்புள்ள தெரியல எனக்கு."

மண்டபம் முழுக்க அப்பா குரல். கொஞ்சம் உடைந்த குரல்.

அப்படியே எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நாற்காலி கிடைத்தவர்கள் நாற்காலியில், மற்றவர்கள் நின்ற இடத்திலேயே தரையில். பட்டு வேட்டியோடு மாமனாரும் தரையில்! தாலி கட்டும் நேரத்தில் ஒரு கூட்டமே உட்கார்ந்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. மேளம் கொட்டியது. உட்கார்ந்தபடியே அட்சதை போட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர்.

அன்றைக்குச் சாயங்காலம் போனில், "பார்த்தேம்மா, நல்லா இருந்துச்சு" என்றார் அப்பா.

போன மாதம் சித்தப்பா பொண்ணு கல்யாணம். வீடியோகிராபரைப் போனில் ரீல்ஸ் பார்த்தே முடிவு செய்துவிட்டாள். மண்டபத்துக்குள்ளேயே ட்ரோன் பறந்தது. சுவர் அளவுக்கு எல்இடி. மாப்பிள்ளை நெற்றியில் வேர்வை கூடத் துல்லியமாகத் தெரிந்தது. வாய் பிளந்து பார்த்தேன், பொய் சொல்லவில்லை.

பக்கத்தில் அப்பா. ஊருக்கே வந்துவிட்டார் இப்போது.

"எப்படி எடுக்கறாங்க பாருங்கப்பா. அன்னைக்கு இதெல்லாம் இருந்திருந்தா உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும்ல?"

அப்பா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இத்தனை வருஷத்தில் சொல்லாததை...

"அன்னைக்கு மாப்ள கை உன் கழுத்துகிட்ட வந்துச்சு பாரு, அதோட படம் அப்படியே நின்னுபோச்சும்மா. ரூம்ல இருந்த பசங்கெல்லாம் நெட்டு போச்சு, நெட்டு போச்சுன்னு கத்துறானுவோ. நான் அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன். நீ தலைய குனிஞ்சிருக்க. உங்கம்மா பின்னாடி கைய கூப்பிக்கிட்டு உக்காந்திருக்கா. ரொம்ப நேரம் அப்படியே இருந்துச்சு..."

திரையை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கெல்லாம் கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள பார்த்து முடிச்சிட்டீங்க. நான்தான்மா ஆற அமரப் பார்த்தேன்."