பத்து வீட்டுக்கு ஒரு டொங்கிள்

நான் வேலை செய்யும் பத்திரிகை, பிழை திருத்துபவர்கள் இனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொன்னதும், கொழும்பில் இருந்த அறையைக் காலி செய்துவிட்டு நமுனுகுல மலைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்குத் திரும்பினேன். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடுகள். எங்களுடையது நான்காவது. அலுவலகம் ஒரு பழைய லெப்டொப்பும் இன்டர்நெட்டுக்கு ஒரு டொங்கிளும் கொடுத்திருந்தது. லெப்டொப்பில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் இருந்தது. அது இலவசம் என்பதுதான் காரணம். வேறு கொள்கை எதுவும் நிர்வாகத்துக்கு இல்லை.

டொங்கிளைச் செருகியதும் திரையில் ஒரு சீடியின் படம் வந்தது. திறந்தால் உள்ளே விண்டோஸுக்கான கோப்புகள். இரண்டு நாள் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கையில் கொடுத்ததை முழுக்க வாசித்து முடிக்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது என்பது பத்திரிகையில் பழகிய பழக்கம். அதில் ஒரு பயனும் இல்லை என்று தெரிய மூன்றாவது நாள் வரை ஆனது. அன்றைக்குத்தான் ஐந்தாம் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

அவளுக்கு முப்பது வயதிருக்கும். கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவான். மூன்று வயதில் ஒரு மகள். பதுளை டவுனில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். கணவன் வாங்கி வந்த பழைய லெப்டொப் விண்டோஸைச் சுமக்க முடியாமல் திணறியபோது, அதை அழித்துவிட்டு லினக்ஸை அவளே போட்டிருந்தாள்.

"இது சீடி இல்லக்கா, வேஷம் போட்டிருக்கு" என்றாள். "வெளிய தள்ளி விட்ருங்க."

"தள்ளினா?"

"தள்ளினா வேஷம் கலைஞ்சிரும். பொறவு மோடம்னு ஒத்துக்கும்."

சீடிப் படத்தின் மேல் அமுக்கி வெளியேற்றச் சொன்னாள். படம் மறைந்தது. அரை நிமிடம் கழித்து, செட்டிங்ஸில் அதுவரை இல்லாத ஒரு வரி வந்து நின்றது: மொபைல் புரோட்பேண்ட். அதைத் தொட்டால் எந்த நாடு, எந்தக் கம்பெனி, எந்தத் திட்டம் என்று வரிசையாகக் கேட்டது. திட்டம் என்ற இடத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. கேட்க நன்றாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இணைப்பு வரவில்லை. மறுநாள் பதுளைக்குப் போய், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சிம் விற்கும் கடையில் கேட்டேன். முதலாளி ஒரு துண்டுத் தாளில் ஒற்றைச் சொல்லை எழுதிக் கொடுத்து, "இத மட்டும் அடிங்க. கூட ஒரு புள்ளி கூட வைக்காதீங்க" என்றார். திட்டத்தின் பெயர் இருந்த இடத்தில் அதை அடித்ததும் இணைப்பு வந்தது.

ஆனால் வீட்டுக்குள் வேகம் இல்லை. தகரக் கூரை சிக்னலைத் தடுத்தது. ஐந்து மீட்டர் நீட்டிப்பு வயர் வாங்கி, டொங்கிளைப் பொலித்தீன் பையில் சுற்றி, வாசலில் நிற்கும் டீவி அன்டெனா கம்பத்தின் உச்சியில் கட்டினோம். போன் கோபுரம் எதிர்மலையில், தெமோதரைப் பக்கம் இருக்கிறது. நீல வெளிச்சம் நிலையாக எரிந்தால் லைன் இருக்கிறது. பச்சை மினுக்கினால் தேடிக்கொண்டிருக்கிறது. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாலே தெரியும்.

அவளுக்கும் லைன் வேண்டும் என்றதால் ஹொட்ஸ்பொட் போட்டேன். டொங்கிள் லெப்டொப்புக்குக் கொடுக்கும், லெப்டொப் வைஃபையாக மற்றவர்களுக்குக் கொடுக்கும். அந்தக் கணத்தில் அவள் தன் வீட்டில் இருந்தாள். கடவுச்சொல்லைக் கேட்டாள். நான் இருந்த இடத்திலிருந்தே எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்கு மேல் திறந்த இடம்தான். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். இது எனக்குத் தெரியாததில்லை. கொழும்பில் இருந்த வருடங்களில் மறந்துபோயிருந்தது. அன்று பொழுது இறங்குவதற்குள் பதினொரு போன்கள் என் லெப்டொப்பில் தொங்கின. யாரும் அதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. சத்தமாகச் சொன்னது எல்லோருக்கும் சொன்னதுதான் என்பது லயத்தின் நியாயம். ஒன்பதாம் வீட்டு அம்மா வந்து, "நல்லாருக்கு தங்கச்சி, படம் நிக்காம ஓடுது" என்று பாராட்டிவிட்டே போனார்.

பகலில் இதனால் தொந்தரவு இல்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவார்கள். லைன் முழுக்க எங்கள் இருவருக்கும்தான். நான் பக்கங்களைத் திருத்துவேன். அவள் தமிழ் தட்டச்சுப் பழகுவாள்.

எதற்காகப் பழகுகிறாள் என்பதைச் சில வாரம் கழித்துச் சொன்னாள். பாடசாலைப் பிள்ளைகளுக்கான வழிகாட்டிப் புத்தகங்கள் போடும் ஒரு கொழும்புப் பதிப்பகம், வீட்டிலிருந்தே தட்டச்சு செய்ய ஆள் எடுக்கிறது. ஆன்லைனில் இரண்டு மணி நேரப் பரீட்சை. அது கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் கட்டுநாயக்காவில் கார்மெண்ட் பெக்டரி வேலைக்குப் போக வேண்டும். அவளுடைய அக்கா அங்கே இருக்கிறாள். போர்டிங்கில் ஒரு கட்டில் சொல்லி வைத்தாகிவிட்டது. மகள் வேறு தோட்டத்தில் இருக்கும் மாமியாரிடம் இருப்பாள்.

"யாருக்கிட்டயும் சொல்லிறாதீங்கக்கா" என்றாள். போன வருடம் வேறொரு வேலைக்கு இன்டர்வியூவுக்குப் போய் வந்தது தெரிந்து, கிடைக்கவில்லை என்ற பிறகும் இரண்டு மாதம் தண்ணீர்க் குழாயடியில் விசாரித்திருக்கிறார்கள். "அக்கறையாத்தான் கேக்குறாங்க. அதான் தாங்க முடியல."

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என்று மின்னஞ்சல் வந்தது. லைன் ஐந்து நிமிடத்துக்கு மேல் அறுந்தால் பக்கம் மூடிவிடும், திரும்ப எழுத முடியாது என்றும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லயத்தில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். முந்திய ஞாயிறு ஒத்திகை பார்த்தோம். பதினொரு போன்களுக்கு நடுவில் அவளுடைய பக்கம் திறக்கவே நான்கு நிமிடம் எடுத்தது.

"கடவுச்சொல்ல மாத்திருவோமா?" என்று கேட்டேன்.

"மாத்திட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வெளிய போறது? அன்னைக்கு மகளப் பார்த்துக்கிறதே ஏழாம் வீட்டு அக்காதான்."

என் லெப்டொப்பைக் கொடுத்துவிடலாம் என்றால், ஞாயிறு காலையில்தான் திங்கட்கிழமைப் பக்கங்கள் எனக்கு வரும். அதோடு என் விசைப்பலகையில் அவளுக்குக் கை ஓடாது. கடைசியில் ஒரு வழி தெரிந்தது. இரண்டு லெப்டொப்பையும் நெட்வேர்க் வயரால் இணைத்துவிட்டு, வைஃபையை நிறுத்திவிடுவது. வைஃபை நின்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். மூடுபனி இறங்கினால் அது தானாகவே நின்றுவிடும், எல்லோருக்கும் பழகிப்போனது.

பத்து மீட்டர் வயரைச் சுவருக்கு மேலால் எறிந்தேன். வயர் இணைப்பின் செட்டிங்ஸில், மற்றக் கணினிகளோடு பகிர்வது என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரம் தேடியபின் பார்த்தால், அவளும் தன் பக்கத்தில் அதையே போட்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் கரண்டியப் புடிச்சிக்கிட்டு நின்னா யாருக்கா எலையில ஒக்கார்றது?" என்று சிரித்தாள். அவள் பக்கத்தை மாற்றியதும் லைன் ஓடியது.

ஞாயிறு பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வைஃபையை நிறுத்தினேன். லயத்தில் இரண்டு மூன்று பாட்டுகள் பாதியில் நின்றன. "போச்சுடா" என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். அவள் எழுதத் தொடங்கினாள். நான் என் பக்கங்களைத் திறந்தேன். நாற்பது நிமிடம் நிம்மதியாகப் போனது.

நாங்கள் கணக்கில் எடுக்காமல் விட்டது முதலாம் வீட்டுக்காரரை. அவளுடைய கணவனுக்குச் சித்தப்பா. அவள் மாமா என்பாள். தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் மெஷின் வேலை. டீவியில் படம் கலைந்தால் ஏணி போட்டு ஏறி அன்டெனா கம்பத்தைத் திருப்பிச் சரி செய்வது இருபது வருடமாக அவர் பொறுப்பு. யாரும் கேட்க வேண்டியதில்லை, படம் கலைந்தது என்று காதில் விழுந்தால் ஏணியோடு வந்துவிடுவார். வைஃபையும் அதே கம்பத்திலிருந்து வருவதால் அதுவும் தன் பொறுப்பு என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

என் திரையில் இணைப்பு அறுந்தது என்று செய்தி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள், "அக்கா" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை, அந்த ஒரு சொல்தான். வாசலுக்கு ஓடினேன்.

அவர் ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் குறடு. கம்பத்தைக் கால்வட்டம் திருப்பியிருந்தார். வயர் இறுகி, டொங்கிளோடு சேரும் இடத்தில் இழுபட்டிருந்தது. பச்சை மினுக்கியது.

"லைன் இல்ல தங்கச்சி. அதான் கோபுரத்த நேராப் பார்க்க வச்சிக்கிட்டிருக்கேன்" என்றார் சந்தோஷமாக.

"அண்ணே, திருப்பாதீங்க."

"இருங்க, இன்னும் கொஞ்சம்."

அதற்குள் அவளும் வெளியே வந்திருந்தாள். ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பின்பு அண்ணாந்து, பத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னாள்: "மாமா, நான் பரீட்ச எழுதிக்கிட்டிருக்கேன். இன்னும் மூணு நிமிசத்துல லைன் வரலன்னா மூடிரும்."

அவர் கை நின்றது. "ஞாயித்துக்கெழமையில என்ன பரீட்ச?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கம்பத்தைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். டொங்கிளைக் கையில் எடுத்து, வயரின் முனையை உள்ளே தள்ளிப் பிடித்தார். நீலம் எரிந்தது. கையை எடுத்தார். பச்சை. மறுபடி பிடித்தார். நீலம்.

"நீ போ புள்ள. நான் புடிச்சிக்கிறேன்."

நான் உள்ளே போய் இணைப்பை மறுபடி அமுக்கினேன். வட்டம் சுற்றியது. அவளுடைய பரீட்சைப் பக்கத்துக்கு லைன் திரும்பி வந்தபோது ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக மிச்சம் இருந்தது.

கம்பியால் இறுக்கிக் கட்டிப் பார்க்கலாம் என்று நான் கம்பியோடு போனேன். டொங்கிளைத் தொட்டாலே வெளிச்சம் நடுங்கியது. "வுட்ருங்க தங்கச்சி. ஓடுற மெஷின்ல கை வைக்கப்படாது" என்றார். பெக்டரியில் வேலை செய்பவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கம்பியைக் கீழே வைத்தேன்.

அப்படியே எழுபது நிமிடம் நின்றார். நீலம் எரிகிறதா என்று வாசலில் ஆட்கள் கூடி அண்ணாந்து பார்த்தார்கள். எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். அந்த லயத்தில் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஏழாம் வீட்டு அக்கா, பரீட்சை எழுதுகிறவளின் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டே, ஏணியில் இரண்டு படி ஏறி, அவர் வாயருகே பாலில்லாத பிளேன்டீயை நீட்டினாள்.

"சூடு பார்த்துக் குடிங்கண்ணே. சுட்டுச்சுன்னு கைய விட்டீங்க, பரீட்ச போச்சு."

"சீனி காணாது."

"மேல நிக்கிறவங்களுக்கு இவ்வளவுதான்."

கொஞ்சம் தூறியது. ஒருவர் குடையோடு ஏணியடிக்கு வந்தார். குடை மேலே நின்றவரின் இடுப்பு வரைதான் எட்டியது. "இடுப்புக்கு என்னடா குடை" என்று கேட்டார். குடைக்காரர் பிடித்துக்கொண்டே நின்றார். நான் திங்கட்கிழமைப் பக்கங்களில் ஒன்றைத்தான் முடித்திருந்தேன்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவள் அனுப்பினாள். விடைகள் கிடைத்துவிட்டன என்று பதில் வந்தது. வெளியே வந்து, "இறங்குங்க மாமா" என்றாள். அவரால் உடனே கையை மடக்க முடியவில்லை. கீழே வந்ததும் அவள் தைலம் எடுத்து வந்து தோளிலிருந்து தேய்த்துவிட்டாள். அவர், "ஏன் புள்ள முன்னயே சொல்லல?" என்று மட்டும் கேட்டார். அவள் சிரித்து மழுப்பினாள்.

அதன் பிறகு அவள் பயந்தது அப்படியே நடந்தது. ஒன்பது நாள், பார்த்த இடத்திலெல்லாம் முடிவு வந்துவிட்டதா என்று கேட்டார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து திரும்புகிறவர்கள், கூடையை இறக்குவதற்கு முன்பே கேட்டார்கள். முதல் இரண்டு நாள் அவள் முகம் கொடுக்காமல் போனாள். மூன்றாவது நாளிலிருந்து நின்று பதில் சொல்லத் தொடங்கினாள். "வரல. வந்தா சொல்றேன்." ஏழாவது நாள் யாரோ கேட்காமல் போனதற்கு, "என்ன இன்னைக்கு விசாரணையக் காணோம்?" என்று அவளே வம்பிழுத்ததைக் கேட்டேன்.

மின்னஞ்சல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொரு மணிக்கு. அவள் வாசித்துவிட்டு லெப்டொப்பை என்னிடம் கொண்டுவந்தாள். "நீங்களும் ஒருக்கா வாசிங்கக்கா. எனக்கு விருப்பப்பட்ட மாதிரி வாசிச்சிட்டேனோ என்னமோ." நான் வேலைக்கு வாசிப்பது போல ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். எடுத்திருந்தார்கள். அடுத்த முதலாம் திகதியிலிருந்து வேலை.

லயத்தில் எங்களைத் தவிர ஆள் இல்லை. எல்லோரும் மலையில். மகளைத் தூக்கிக்கொண்டு அவள் நேராகப் பெக்டரிக்கு இறங்கினாள். நானும் கூடப் போனேன். தேநீர் நேரம், மாமா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வேலை கிடைத்ததை அவள் சொன்னாள். குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார். பின்பு பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"எழுபது நிமிசம் கையத் தூக்கிக்கிட்டு நின்னது நானு. பாஸானது இவ."

"லைனை அறுத்ததும் நீங்கதான் மாமா."

"அத யாரு கேட்டா?" என்றார்.

திரும்பி ஏறும் வழியில், சிக்னல் கிடைக்கும் வளைவில் அவள் நின்று கட்டுநாயக்காவுக்குப் பேசினாள். "அக்கா, அந்தக் கட்டில வேற யாருக்காச்சும் குடுத்துரு." அந்தப் பக்கத்தில் அக்கா ஏதோ கேட்டாள். "இல்ல, வரல. இங்கேயே வேல கெடச்சிருச்சு" என்றாள். மகள் இறக்கிவிடச் சொல்லிக் காலை உதைத்தாள். இறக்கிவிட்டதும் எங்களுக்கு முன்னால் படிகளில் தனியாக ஏறத் தொடங்கினாள்.