இரண்டு விரல் போக மீந்த கால்

அன்றைக்குக் காலையில் அந்த வார்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். கட்டிலில் என் வீட்டுக்காரர். கால்மாட்டில் அவருடைய அக்கா ரூபி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர்கள். தலைமாட்டில் நான். என் பக்கத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ராஜபாளையம் வந்திருந்த நம் பாஸ்டர் அம்மா. அடுத்த கட்டிலில் கான்சாபுரத்துக்காரர் ஒருவர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். பிறகு டாக்டரும் அவருக்குப் பின்னால் ஒரு நர்சும். நான் எழுதப்போவது உண்மையா என்று இவர்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

டாக்டர் என் வீட்டுக்காரரின் காலில் இருந்த கட்டைப் பிரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "முழங்காலுக்குக் கீழ எடுத்துறலாம்மா. நாளைக்கே பண்ணிட்டா உயிருக்குப் பயம் இல்ல" என்றார்.

என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்டோவுக்குப் பிரேக் வலது காலில். டாக்டர் எடுக்க வேண்டும் என்று சொன்னதும் வலது காலைத்தான்.

நம் சபையின் மாத இதழில் கடைசிப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். ஏழாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழைகளைப் பாஸ்டர் அம்மா திருத்தித் தருவதால்தான் அந்தப் பக்கம் உங்கள் கைக்கு வருகிறது. கவலைப்படாமல் இருப்பது பற்றி மட்டும் நான்கு முறை எழுதியிருக்கிறேன். எழுதியவள் எப்படிப்பட்டவள் என்பது என் வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். கேஸை மூடினேனா என்று பாதி ஆராதனையில் எழுந்து வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். மூடித்தான் இருக்கும்.

இந்த வருஷத்தின் முதல் நாளில் எல்லாரும் தட்டிலிருந்து வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுத்தோம் அல்லவா, எனக்கு வந்தது பயப்பட வேண்டாம் என்று சொல்கிற வசனம். மற்றவர்களுக்கு அது ஆறுதல். எனக்கு அதுவே புதுப் பயம். ஒன்றும் வரப்போவது இல்லை என்றால் ஆண்டவர் எதற்காக இதைச் சொல்கிறார்? வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏட்டி எஸ்தரு, ஆண்டவர் பயப்படாதேன்னு சொன்னதுக்குப் பயந்த மொத ஆளு நீதான். ஒன் கட்டுரைய நீயே ஒருக்கா வாங்கிப் படி."

படித்து என்ன செய்ய? வருஷம் முழுக்கப் பயந்தேன். மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆகுமா என்று பயந்தேன், ஆனது. வீட்டுக்காரம்மா வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களோ என்று பயந்தேன், சொல்லவில்லை. மழைக்குச் சுவர் இறங்கிவிடுமோ என்று பயந்தேன், அது அப்படியே நிற்கிறது. எந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ அந்தக் கதவு வழியாக ஒன்றும் வரவில்லை. கடைசியில் வந்தது ஒரு செருப்பு வழியாக.

புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்டோக்காரர்களுக்கு ஓய்வே கிடையாது. விடியும் முன்பே, எங்கள் ஊரை ஒட்டித் திருவண்ணாமலை என்கிற குன்றில் இருக்கிற பெருமாளைப் பார்க்கக் கூட்டம் கிளம்பிவிடும். என் வீட்டுக்காரருக்கு வருஷா வருஷம் வருகிற சவாரிகள் உண்டு. எல்லாம் வயதானவர்கள், துளசி மாலையும் கையுமாக வருகிறவர்கள். அந்தச் சனிக்கிழமைகளில் மட்டும் அவர் செருப்பை வீட்டில் விட்டுவிட்டுப் போவார். வெறுங்காலோடுதான் ஓட்டுவார், இறங்கி அவர்கள் கையைப் பிடித்துப் படிவரை கொண்டுபோய் விடுவார். யாரும் கேட்டது இல்லை, இவராக வைத்துக்கொண்ட வழக்கம். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டு வந்தது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

மூன்றாவது சனிக்கிழமை வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அடுப்படி வரை நடந்து தண்ணீர் குடித்தார். அவர் நடந்து போன சிமெண்ட் தரையில் ஒற்றைக் கால் தடம் மட்டும் ஈரமாக இருந்தது. தண்ணீரை மிதித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துத் துடைத்தேன். துணியில் சிவப்பு வந்தது. உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், பாதி உடைந்திருந்தது.

"வலிக்கலையா?" என்று கேட்டேன்.

"எங்க?" என்றார்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு விளங்கிவிட்டது, உடனே கிளம்பச் சொன்னேன். ஆனால் அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. சனிக்கிழமை இன்னும் பாக்கி இருக்கிறது, சவாரியை விட முடியாது என்றார். மெடிக்கலில் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டு, இந்தமுறை செருப்பும் போட்டுக்கொண்டு போனார். ஐப்பசி பிறந்தபோது இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. காய்ச்சல் வந்து குளிரில் பல் அடித்தது. அப்படித்தான் அந்த வார்டுக்கு வந்து சேர்ந்தோம்.

டாக்டர் காலை எடுக்க வேண்டும் என்று சொன்னதும் முதலில் பேசியது மதினி. பயத்தில் பேசினார்கள், இப்போது புரிகிறது.

"அன்னைக்கே சொன்னேன். வேற சாமி மலையில போயி செருப்பக் கழட்டுனியே, அதாம்ல இது."

அவர் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். "சாமிக்குக் கழட்டலக்கா. வயசாளிய அம்புட்டுப் பேரும் வெறுங்காலோட நடக்காக. நான் மட்டும் செருப்போட நின்னு கையப் பிடிச்சா அவியளுக்கு ஒரு மாதிரி இருக்கும்லா. அவியளுக்காகக் கழட்டுனேன்."

அடுத்த கட்டில்காரர் தொண்டையைச் செருமினார். "யம்மா, நான் அந்த மலைக்குப் போறவன்தான். எங்க ஆளுகளுக்காகக் கால சுட்டுக்கிட்டு வந்து கெடக்காரு மனுசன். அவரப் போயி வையாதிய. ஜெபம் பண்ணணும்னா பண்ணுங்க. தையல் போட்டிருக்கு, எந்திரிச்சு நிக்க முடியாது. படுத்துக்கிட்டே கையெடுத்துக்கிடுதேன்."

பாஸ்டர் அம்மா என் தோளைத் தொட்டார்கள். "நீயே பண்ணு எஸ்தர்" என்றார்கள்.

என் ஜெபம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நான் ஆரம்பித்தால் பிள்ளைகள் தூங்கிவிடும். பேரப்பிள்ளையின் சளியில் தொடங்கித் தெருக் குழாய் வரைக்கும் ஆண்டவருக்கு ஞாபகப்படுத்துவேன். அன்றைக்கு வாயைத் திறந்தபோது அவ்வளவும் எங்கேயோ போய்விட்டது. "ஆண்டவரே, இந்தக் காலை அவருக்கு விட்டுக்கொடும்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். டாக்டர் அடுத்த அறைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு டாக்டர்களிடம் பேச வராது. மருந்துச் சீட்டைக்கூட மதினி கையில் கொடுத்து நீட்டச் சொல்வேன். அன்றைக்கு என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. "ஐயா, முழுசா எடுக்கிறதுக்கு முந்தி வேற எதுவும் செஞ்சு பாக்க முடியுமா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க. நான் அழ மாட்டேன்."

அவர் திரும்பி வந்து காலை இன்னொரு முறை பார்த்தார். "கறுத்த ரெண்டு விரலையும் எடுத்துட்டு, புண்ண நல்லா சுத்தம் பண்ணிப் பாக்கலாம். ஆனா சிவப்பு மேல ஏறுச்சுன்னா அப்பவே எடுக்கணும். அன்னைக்கு வந்து என்னைத் தடுக்கக்கூடாது."

"தடுக்க மாட்டேன்" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் முடிந்து வந்ததும் நர்ஸ் ஒரு பேனாவை எடுத்து, கணுக்காலுக்கு மேல் சிவப்பு எதுவரை இருக்கிறதோ அதுவரை தோலில் ஒரு கோடு போட்டாள். "சிவப்பு இந்தக் கோட்டத் தாண்டக்கூடாதுக்கா. தாண்டினா ஒடனே கூப்பிடுங்க."

கவலைக்காரியிடம் போய் ஒரு கோட்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? நான் அதை விட்டு நகரவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தால் தாண்டியது போல இருக்கும், இந்தப் பக்கம் வந்தால் தாண்டாதது போல இருக்கும். மதினியைக் கூப்பிட்டுக் காட்டுவேன், போகிற வருகிற நர்சை எல்லாம் பிடித்துக் காட்டுவேன். கான்சாபுரத்துக்காரரிடம் கூடக் கேட்டேன். "பார்டர்ல நின்னிருக்கேன் தாயி, இப்படி ஒரு காவல் பாத்ததில்ல" என்றார். என் வீட்டுக்காரர், "ஏட்டி, நீ பாக்குத பார்வையிலயே கோடு அழிஞ்சிரும் போலுக்கு" என்றார். காய்ச்சலிலும் அவருக்குக் கேலி குறையவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த நாட்களில் நான் பயந்தேன், மறைக்கவில்லை. பயந்துகொண்டே ஜெபித்தேன். பயம் போனால்தான் விசுவாசம் என்று நான் எழுதிய கட்டுரைகளில் இருக்கிறது. அதை இங்கே மாற்றி எழுதுகிறேன். பயம் போகவில்லை. நடுங்குகிற கையையே ஆண்டவர் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் குனிந்து பார்த்தார். விரலால் அழுத்தினார். கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குச் சாதாரணத் தோல் தெரிந்தது. "எறங்கிருச்சு" என்றார். "கால் உங்களுக்குத்தாம்மா."

அழ மாட்டேன் என்று சொன்னவள் அப்போதுதான் அழுதேன். பாஸ்டர் அம்மாவுக்குப் போன் போட்டால் பேச்சு வரவில்லை. மதினிதான் போனை வாங்கி ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லி வைத்தார்கள். மருந்தும் வேலை செய்தது, டாக்டரின் கையும் வேலை செய்தது. ஜெபித்தால் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். வாசலைத் தாண்டிப் போக இருந்தவரைத் திருப்பி என்னிடம் கொண்டுவந்தது யார் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

இப்போது மார்கழி. அவர் சர்க்கரைக்காரர்களுக்கென்று தைக்கிற மெத்துச் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஊருக்குள் மட்டும் ஆட்டோ ஓட்டுகிறார். பிரேக் மிதிக்க மூன்று விரல் போதும் என்கிறார். தினமும் ராத்திரி படுக்குமுன் நான் அவர் பாதத்தை டார்ச் அடித்துப் பார்க்கிறேன். அடுத்த புரட்டாசிக்கும் மலைக்குப் போவாராம், செருப்போடு. "காரணம் சொன்னா வயசாளிய புரிஞ்சுக்கிடுவாக" என்கிறார்.

வருஷக் கடைசி ஸ்தோத்திரக் கூட்டத்தில் இதைச் சொல்லப்போகிறேன் என்றபோது மதினி தடுத்தார்கள். நம் சபையில் காரியம் முழுவதும் முடிந்தவர்கள்தான் எழுந்து சாட்சி சொல்வது வழக்கம். கடன் உள்ளவர்கள் கடன் தீர்ந்த வருஷம் சொல்வார்கள், அதுவரை உட்கார்ந்தே இருப்பார்கள்.

"கடன முடிச்சிட்டுப் பொறவு சொல்லு. இப்பச் சொன்னா ஆண்டவர் அரையுங்கொறையுமாச் செஞ்ச மாதிரில்லா இருக்கும்?"

அந்தக் கடன் மதினியின் சங்கிலி. அன்றைக்குச் செருப்பைப் பற்றிப் பேசிய அதே மதினிதான், ஆபரேஷனுக்குப் பணம் கட்டச் சொன்னபோது ஒரு வார்த்தை பேசாமல் கழுத்தில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்துவிட்டு வந்தார்கள். அதுவும் என் ஜெபத்துக்கு வந்த பதில்தான். அதை மீட்கிறவரை நான் ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்?

"சொல்லத்தான் போறேன் மதினி. கூட்டத்திலயும் சொல்லுவேன், எழுதவும் செய்வேன்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பிறகு, "அப்பம் தொகையயும் சேத்து எழுது. இன்னும் எம்புட்டு இருக்குன்னு ஒனக்கும் மறக்கக்கூடாது" என்றார்கள்.

ஆகவே, பாதியில் நிற்கிறவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இன்னும் கட்டுப் பிரிக்காத புண்ணோடு இருக்கிறவர்கள், இன்னும் பதில் வராத வீட்டில் இருக்கிறவர்கள், எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இதுவரை கிடைத்ததற்கு இன்றைக்கே நன்றி சொல்லுங்கள், மீதியை அவரிடமே கேளுங்கள். பயந்துகொண்டே கேட்டாலும் அவர் கேட்பார். நான் அப்படித்தான் கேட்டேன். இனியும் அப்படித்தான் கேட்பேன், ஒவ்வொரு மாதமும் வட்டியோடு அசலிலும் கொஞ்சம் கட்டிக்கொண்டு.

சங்கிலியை மீட்க இன்னும் கட்ட வேண்டியது ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.