எந்த மேட்டுக்காடு?

போன வருஷம் மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. விடிகிற நேரத்தில் கொழும்புத் துறைமுக வாசலில் வேனை நிறுத்திவிட்டு, கப்பலிலிருந்து இறங்கப்போகும் ஒரு டீச்சருக்காகக் காத்திருந்தேன். ஹட்டனில் வேன் ஓட்டுவது என் தொழில். ஓரிடத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கால் தரிக்காது. மலையில் ஏறுவதும் இறங்குவதுமாகவே பாதி ஆயுள் போய்விட்டது.

டீச்சர் நீலகிரிக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பிள்ளைகள் சென்னையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அது கொழும்பில் ஒரு பகல் மட்டும் நிற்கும். அந்தப் பகலில் அவருக்கு ஒரே வேலைதான். அக்காவைப் பார்க்க வேண்டும். எட்டு வயதில், தோட்டத் தமிழரைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தின்படி, அப்பா அம்மாவோடு இவரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் முடித்திருந்த அக்கா இங்கேயே நின்றுவிட்டார். கடிதம் போட்டுக்கொண்டிருந்தது அப்பா. அவர் போனதோடு விலாசமும் போய்விட்டது. மிச்சம் இருந்தது தோட்டத்தின் பெயர் மட்டும்: மேட்டுக்காடு.

முன்பெல்லாம் கப்பல் பயணிகளுக்கு இறங்கும்போதே ஒரு பாஸ் கிடைக்கும். கண்டி என்று ஏறினவரை நுவரெலியா வரைக்கும் கூட்டிப்போவோம், யாரும் கேட்கமாட்டார்கள். பிறகு விதி மாறியது. மறுபடியும் மாறியது. இந்தத் தடவை வந்த படிவத்தில், போகிற இடத்தை முன்கூட்டியே பதிய வேண்டும், அங்கே மட்டும்தான் போகலாம், மாலை ஐந்து மணிக்குள் துறைமுக வாசலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று இருந்தது. பிந்தினால் கப்பல் போய்விடும். டீச்சர் கையில் வேறு விசாவும் கிடையாது.

அந்தப் படிவத்தைப் போனில் நிரப்பியது நான்தான். எங்கள் பக்கம் ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு பெயர். வெள்ளைக்காரத் துரைமார் வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்று, நம் ஆட்களின் வாயில் இருக்கும் தமிழ்ப் பெயர் ஒன்று. படிவத்துக்கு இங்கிலீஷ் பெயர் வேண்டும். மேட்டுக்காடு என்றதும் றொசல்லப் பக்கத்துத் தோட்டம்தான் எனக்குக் கண்ணில் வந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு யோசனை எதற்கு? தட்டிவிட்டேன். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் ‘அக்காவைப் பார்க்க’ என்று ஒன்று இல்லாததால், ‘தேயிலைத் தோட்டம் பார்த்தல்’ என்பதைத் தொட்டேன்.

வழியெல்லாம் டீச்சர் கேள்வி. இது என்ன மரம், அந்தப் போர்டில் சிங்களத்தில் என்ன எழுதியிருக்கிறது, மழை எந்த மாசம் பிடிக்கும். கினிகத்தேனை தாண்டிப் பனி தெரிந்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தைக் காட்டினார். பிறகு, “எங்க அக்காவுக்கு இன்னும் பல்லு இருக்குமா?” என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கியரை மாற்றினேன்.

பத்தேகாலுக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீரில் உடுப்பு அலசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அக்காவின் பெயரைச் சொன்னேன்.

“அப்படி ஒருத்தரும் இங்க இல்லீங்களே அண்ணே.”

அந்த நேரம் பார்த்துக் கீழே ரயில் கூவிக்கொண்டு போனது. டீச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“எங்க தோட்டத்துல ரயில் சத்தம் கேக்காதே,” என்றார்.

அலசிக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். “அண்ணே, பொகவந்தலாவைப் பக்கமும் ஒரு மேட்டுக்காடு இருக்கில்ல? என் மருமகளே அந்தத் தோட்டந்தான். வேன் ஓட்டுறீங்க, இது தெரியாதா?”

தெரியும். கேட்கத்தான் தோன்றவில்லை.

அங்கே போய்விட்டு ஐந்து மணிக்குள் கொழும்புக்கு இறங்க முடியாது. போதாததற்கு, டீச்சர் பையிலிருந்த அனுமதித் தாளை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார். “இதுல இல்லாத இடத்துக்கு நான் வரமாட்டேன், தம்பி. பிள்ளைங்களுக்கு விதியச் சொல்லிக் கொடுத்தவ நான்.” கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதற்குள் அந்தப் பெண் மருமகளைக் கூப்பிட்டு, மருமகள் தன் அம்மாவைக் கூப்பிட்டு, போன் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் பதில் வந்தது: “ஆள் இருக்காங்க! த்ரீவீல் புடிச்சு ஏத்திவிட்டாச்சு!”

எங்களுக்குப் பன்னிரண்டரைதான் எல்லை. பிளேன்டீ வந்தது, ரொட்டி வந்தது. டீச்சர் எதையும் தொடாமல் வளைவையே பார்த்திருந்தார். நான் கைக்கடிகாரத்தையே பார்த்திருந்தேன். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு த்ரீவீல் வந்து நின்றது. கையில் ஒரு துணிப்பையோடு மெலிந்த அம்மா ஒருவர் இறங்கினார். டீச்சரை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏன்டி, அந்தக் கோழியத் தொறந்து விட்டது நீதானே?”

“நான்தான்க்கா,” என்றார் டீச்சர்.

அதன்பிறகுதான் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். நான் வேனைச் சுற்றிப்போய் டயரைத் தட்டிப் பார்த்தேன்.

பிறகு திரும்பி வந்து, “அம்மா, இன்னும் அஞ்சு நிமிஷந்தான் இருக்குங்க. இவங்க போயாகணும்,” என்றேன்.

“அவ போகட்டுமே. நானும் வாறேன் கொழும்புக்கு,” என்று சொல்லிக்கொண்டே அக்கா வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். “பாஸு, பதிவு எல்லாம் அவளுக்குத்தான். எனக்கு ஐடென்டிகாட் இருக்கு. என்னை எவன் கேக்கிறது?”

எனக்கு அது தோன்றியிருக்கவே இல்லை. விதி டீச்சரை மட்டும்தான் கட்டியிருந்தது. முன்பு ஒரு காலத்தில் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் இங்கே நின்றுவிட்டவர் அக்கா. இன்று நேரம் குறித்துக்கொண்டு வந்திருந்தது தங்கச்சி.

நாலு மணி நேரம் பின்னால் ஒரே சண்டை. அக்காவுக்குச் சீராகக் கொடுத்திருந்த கோழியாம், கப்பலுக்குப் புறப்பட்ட அன்று காணாமல் போனதாம். “அறுத்துருவீங்கன்னுதான் விட்டேன்” என்கிறார் ஒருவர். “முட்டைக்கு வெச்சிருந்தேன்டி, கூறுகெட்டவளே” என்கிறார் மற்றவர். அக்காவுக்குப் பல் நன்றாகவே இருந்தது.

ஐந்துக்குப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது துறைமுக வாசலில் நிறுத்தினேன். தாளை வாங்கிப் பார்த்த அதிகாரி, “தேயிலைத் தோட்டம் நல்லா இருந்ததா?” என்று இங்கிலீஷில் கேட்டார். டீச்சர் பின்னால் திரும்பி அக்காவைப் பார்த்துவிட்டு, “ரொம்ப நல்லா இருந்தது” என்றார். விதி நிற்கச் சொன்ன கோட்டில் அக்கா நின்றுகொண்டார்.

திரும்பி மலை ஏறும்போது அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “நேரா எங்க தோட்டத்துக்கே வந்திருந்தா, அவ எவ்வளவு நேரம் இருந்திருப்பா தம்பி?” பத்து நிமிஷம்கூட இருந்திருக்காது என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன். “அப்ப உன் பிழையால எனக்கு லாபந்தான்,” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. த்ரீவீல் ஒரு வளைவில் பஞ்சராகியிருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

கப்பல்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன, விதிகளும் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன, அவற்றைப் படித்துப் படித்துப் பழகிவிட்டேன். ஆனால் யாராவது ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னால் முன்புபோல என் விரல் உடனே தட்டுவதில்லை, அங்கே ரயில் சத்தம் கேட்குமா என்றுதான் முதலில் கேட்கிறேன்.