இருவருக்கும் இருபத்தைந்து

சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கும் அவளுக்கு, அம்மாவைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசினால் பொறுக்காது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வெந்நீரில் கை வெந்து பிள்ளைகளை ஆளாக்கியவள் அம்மா. கடவுளை நினைக்காமல் ஒரு வாய் சோறு உண்டவளில்லை.

ஓய்வுபெற்ற தபால்காரரான அண்ணனுக்கு, குடும்ப வரலாற்றை அச்சடித்து உறவுக்காரர்களுக்குக் கொடுக்க ஆசை. அன்று அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பழைய காகிதங்கள்.

"தங்கச்சி, மனசைத் தேத்திக்க. அம்மா தாத்தாவுக்குப் பொறந்தவங்க இல்ல போலிருக்கு."

"என்னண்ணே உளர்றீங்க?"

"தாத்தா பொண்ணோட பிறப்புச் சான்றிதழ்படி பாத்தா, கல்யாணத்தப்போ இருபத்தெட்டு ஆகணும். அம்மாவோட கல்யாணச் சான்றிதழ்ல இருபத்தஞ்சுதான் இருக்கு. அப்ப அது வேற பொண்ணு. அம்மாவை எங்கிருந்தோ எடுத்து வளர்த்திருக்காங்க."

போய்ச் சேர்ந்தவளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்து அச்சில் ஏற்றிவிடுவாரே! ஆண்டவனே என்று அவள் கல்யாணச் சான்றிதழை வாங்கிப் பார்த்தாள். மணமகன் வயதும் இருபத்தைந்து.

"அப்பாவோட பள்ளிக்கூட சர்டிபிகேட்டை எடுங்கண்ணே."

அண்ணன் எடுத்துக் கணக்குப் போட்டார். முகம் சுருங்கியது. அப்பாவுக்கு அன்று இருபத்திரண்டுதான்.

"அப்ப மாமாவையும் எடுத்துத்தான் வளர்த்தாங்களா?" என்றாள் அடுப்படியிலிருந்து அண்ணி.

அவளுக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கு யார் அத்தாட்சி கேட்டார்கள்? வாய் சொன்னதுதான் வயது. அம்மா மூன்று படி இறங்கியிருக்கிறாள், அப்பா மூன்று படி ஏறியிருக்கிறார், நடுவில் கைகோத்துக்கொண்டார்கள்.

"அம்மா ஆறு வயசு மூத்தவங்களா!" அண்ணன் தலையில் கைவைத்தார். "சொந்தக்காரங்க சிரிப்பாங்க. இருபத்தஞ்சுன்னே போட்டுடலாம்."

"போட்டா, நீங்க கேட்ட கேள்வியையே நாளைக்கு இன்னொருத்தன் கேப்பான். அப்பா மெக்கானிக் வேலை கத்துக்கிட்ட காலமெல்லாம் அம்மா சம்பளத்துலதானே உலை கொதிச்சுது? அப்ப எந்தச் சொந்தக்காரன் வயசு கேட்டான்?"

அண்ணி கரண்டியோடு வந்து நின்றாள். "நீங்க என்னைவிட நாலு வயசு மூத்தவர். என்ன கூடிப்போச்சு, சொட்டையைத் தவிர?"

அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பேனாவை எடுத்து, தாத்தா பாட்டிக்குக் கீழே கோடிழுத்து அம்மா பெயரையும் பிறந்த வருஷத்தையும் எழுதினார்.

"பக்கத்துலயே அப்பாவோட நிஜ வருஷத்தையும் போடுங்க," என்றாள் அவள், நெஞ்சை நிமிர்த்தி. "எழுத்து பெருசா இருக்கட்டும். கண்ணு மங்கின அத்தையும் படிக்கணும்."