டிக்கிக்குள் இருந்த பழைய பில்ட்டர்

மச்சான் லண்டனுக்குப் போகும்போது எங்கள் வெள்ளவத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போன காருக்கு இரண்டே இரண்டு இருக்கைகள். சிவப்பு நிறம், ஜப்பான் தயாரிப்பு, இன்ஜெக்‌ஷன் எஞ்சின். அதற்குள் ஏறுவதென்றால் நான் முதலில் வயிற்றை உள்ளே அனுப்பிவிட்டுப் பின்னால் போகவேண்டும். இறங்குவதற்கு வெளியிலிருந்து யாராவது இழுக்கவேண்டும்.

பதினெட்டு வயது மகனை ஆமியின் சுற்றிவளைப்பில் இரண்டு தரம் கொண்டுபோய், இரண்டு தரமும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது தரத்தைப் பற்றி வீட்டில் நாங்கள் கதைப்பதில்லை. மெல்பேர்னில் படிக்க விசா கிடைத்துவிட்டது. விமானம் அன்று பின்னேரம். காலையில், எயார்போட்டுக்குப் பேசிவைத்திருந்த வான்காரர் படலைக்கு வெளியில் நின்றபடியே சொன்னார்.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நேற்றுக் குண்டு வெடிச்சதுக்குப் பிறகு, தமிழ்ப் பெடியனை ஏத்திக்கொண்டு எயார்போட் பக்கம் போகவேண்டாமெண்டு மனிசி காலில விழாத குறை.”

மிஞ்சியது சிவப்புக் கார். மெதுவாகப் போனால் போகும், கொஞ்சம் மிதித்தால் இருமும், பிறகு நின்றுவிடும். அந்தக் காலத்துக் கொழும்பில் சோதனைச் சாவடிக்கு முன்னால் தானாக நின்றுபோகும் காரைப் பழுதான கார் என்று ஒருவரும் நினைக்கமாட்டார்கள். பெற்றோல் பில்ட்டரும் காற்றுப் பில்ட்டரும் அடைத்துப்போய்விட்டன என்று கொட்டாஞ்சேனை கராஜ்காரர் முன்பே சொல்லி, புதியவற்றை வாங்கியும் தந்திருந்தார். குண்டுக்கு மறுநாள் என்பதால் கராஜ் பூட்டு. ஆகவே நானே சாரத்தை மடித்துக் கட்டினேன்.

காற்றுப் பில்ட்டர் சுகமான வேலை. பெட்டியின் கிளிப்புகளைத் தட்டித் திறந்தால் உள்ளே கடதாசி மடிப்புகள் கரிச்சட்டி நிறத்தில் இருந்தன. கரப்பான் குடும்பமொன்று வாடகை கொடுக்காமல் வாழ்ந்திருந்தது. புதியதை வைத்து மூடியதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

பெற்றோல் பில்ட்டர் அப்படியில்லை. பால் டின் அளவில் ஒரு இரும்பு உருளை, இரண்டு முனையிலும் குழாய். நான் அறிந்த பழைய கார்களில் குழாயைக் கழற்றினால் நாலு சொட்டு விழும், அவ்வளவுதான். இன்ஜெக்‌ஷன் காரில் எஞ்சினை நிறுத்திய பிறகும் குழாய்க்குள் அழுத்தம் நிற்கும். பம்பின் பியூசைக் கழற்றி, எஞ்சின் தானாக அடங்கும்வரை ஓடவிட்ட பிறகுதான் கைவைக்க வேண்டும். இது எனக்கு எப்போது தெரிந்ததென்றால், முகத்திலும் நெஞ்சிலும் பெற்றோல் பீச்சியடித்த பிறகு.

“அடுப்படிப் பக்கம் வந்திடாதேங்கோ!” மனைவி உள்ளேயிருந்து கத்தினாள். “பத்தினால் என்னால அணைக்கேலாது, எனக்கு இண்டைக்கு நிறைய வேலை!”

மகன் சிரித்தான். ஒரு கிழமைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தான். புதிய உருளையை வாங்கித் திருப்பிப் பிடித்தான்.

“அப்பா, அம்புக்குறி எஞ்சின் பக்கம் பாக்கவேணும்.”

“எனக்குத் தெரியுமடா. உனக்குத் தெரியுமோ எண்டு பாத்தனான்.”

சாவியைத் திருப்பினோம். முதல் தரமே பிடித்தது. இருமல் இல்லை. நான் சவர்க்காரம் கரையக் கரையக் குளித்தேன். பெற்றோல் மணம் மட்டும் கரையவில்லை.

பிறகுதான் பழைய உருளை பிரச்சினையாகியது.

“இதை வீட்டில வைக்கேலாது,” என்றாள் மனைவி. “செக்கிங் வந்தால் என்னெண்டு சொல்லுறது?”

“குப்பையில போடுவம்.”

“குப்பையில பாத்திட்டு ஆரும் குண்டெண்டு கத்தினால் முழு ஒழுங்கைச் சனத்தையும் அள்ளிக்கொண்டு போவாங்கள். நீங்கள் போகேக்க களனிப் பாலத்தில வச்சு ஆத்துக்குள்ள எறிஞ்சுவிடுங்கோ.”

எங்கள் மூன்று பேருக்கும் அது மிக நல்ல யோசனையாகப் பட்டது. ஆமி காவல் நிற்கிற பாலத்திலிருந்து இரும்பு உருளை ஒன்றை ஆற்றுக்குள் எறியலாம் என்று யுத்தகாலத்தில் திட்டம் போட்ட குடும்பம் எங்களுடையதாக மட்டும்தான் இருக்கும். அதைப் பொலித்தீனில் சுற்றி, டிக்கிக்குள் மகனின் சூட்கேசுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

இரண்டு இருக்கைக் கார் என்பதால் மனைவி படலையிலேயே நின்றுவிட்டாள். மகனின் சேர்ட் கொலரை இரண்டு தரம் சரிசெய்தாள். அது முதலே சரியாகத்தான் இருந்தது.

பாலத்துக்கு முன்பே, ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறிகளுக்கு நடுவே மறித்தார்கள். கண்ணாடியை இறக்கினேன். உள்ளே தலையை நீட்டிய சிப்பாய் உடனே பின்வாங்கினான்.

“பெற்றோல் கந்தய்!” மணக்கிறதாம். “பஹின்ன!”

இறங்கச் சொன்னால் உடனே இறங்கும் உடம்பா என்னுடையது? நான் சுணங்கச் சுணங்கச் சிப்பாயின் துவக்கு உயர்ந்தது. மகன் சுற்றி ஓடிவந்து என்னை இழுத்தெடுத்தான். டிக்கியைத் திறந்தார்கள். பொலித்தீனுக்குள் உருளை. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெற்றோல்.

“மேக்க மொகக்த?” இது என்ன?

எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் அந்த நிமிடத்தில் என்னை விட்டுப் போய்விட்டது. “பில்ட்டர், சேர், பில்ட்டர்,” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். மகன் சிங்களத்தில் விளங்கப்படுத்தியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. பொனட்டைத் திறந்து புதியதைக் காட்டினேன். அதே மாதிரி இன்னொன்று உள்ளேயும் பூட்டியிருப்பதைக் கண்டதும் அவர்கள் எல்லோரும் நாலடி தள்ளி நின்றார்கள்.

அதிகாரி வந்தார். கத்தவில்லை. எங்கள் அடையாள அட்டைகளையும் மகனின் பாஸ்போட்டையும் ரிக்கற்றையும் பார்த்தார். குண்டு பரிசோதிக்கிற ஆட்கள் வரும்வரை காரும் நானும் அங்கேயே நிற்கவேண்டும் என்றார். எப்போது வருவார்கள் என்று அவருக்கும் தெரியாது.

“பிளேன் போயிடும், சேர்,” என்றேன். “என்னை எவ்வளவு நாளும் வச்சிருங்கோ. எனக்கு ஒரு அவசரமும் இல்லை. இவனை விடுங்கோ.” தமிழில்தான் சொன்னேன். மகன் அதைச் சிங்களத்தில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நின்றான்.

“சொல்லடா!”

“உங்களை விட்டிட்டுப் போகமாட்டன்.”

“நீ நிண்டால் ரெண்டு பேரையும்தான் வச்சிருப்பாங்கள். சொல்லு.”

சொன்னான். அதிகாரி சூட்கேசைக் கிளறிப் பார்த்துவிட்டு, பின்னால் வந்த வானொன்றை மறித்தார். மத்திய கிழக்கிலிருந்து வரும் மகளைக் கூட்டிவர எயார்போட்டுக்குப் போகும் சிங்களக் குடும்பம். முன்னால் இருந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தா. பயம் அவவுக்கும் இருந்தது. பிறகு பக்கத்திலிருந்த பையைத் தூக்கி மடியில் வைத்து இடம் விட்டா.

“நகின்ன, புத்தே.” ஏறு, மகனே.

என் இரண்டு கையும் காரின் கூரையில். எடுக்கக்கூடாது என்பது உத்தரவு. மகன் பின்னால் வந்து நெற்றியை என் தோளில் ஒரு கணம் வைத்தான். வெள்ளவத்தையிலிருந்து எத்தனையோ புத்திமதிகளை மனதில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

“குளிருக்குக் காதை மூடு,” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

குண்டு பரிசோதிக்கிற ஆட்கள் வந்து பார்த்து, இருட்டத்தான் என்னை விட்டார்கள். கார் அதன் வாழ்க்கையிலேயே அப்படி ஓடியதில்லை, வெண்ணெய் மாதிரி. மனைவி படலையில் நின்றாள்.

“ஏறிட்டானோ?”

“வானில ஏறினவன்.”

இருவரும் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தோம், சாப்பிடாமல், ஒருவரையொருவர் பார்க்காமல். அடுத்தநாள் மத்தியானம் அது அடித்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எடுக்கப்போய்க் கீழே விழுத்தி, பிறகு நான் எடுத்தேன். மெல்பேர்னிலிருந்து மகன்.

“அப்பாவோ? அப்பா, நீங்களே கதைக்கிறீங்கள்? உங்களை விட்டிட்டாங்களோ?”

“ஓமடா. பில்ட்டரைத்தான் வச்சுக்கொண்டாங்கள்,” என்றேன். அதற்குள் மனைவி றிசீவரைப் பறித்துவிட்டாள்.