விடுதலைக்கு இன்னொரு சொல்

எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதை யார் தொடுவது என்று பெரிய சண்டை நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. எல்லோரும் பயந்தார்கள். எனக்கு டைப்பிங் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக, ரெக்கோட் ரூமில் என் மேசைமேல் அதை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

மாத்தளையிலிருந்து லக்கல பக்கம் ஏறும் பாதையில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி. இரண்டு வாட்டு, ஒரு டொக்டர், சரியாக மூடாத ஒரு கேட். தேயிலைத் தோட்டத்து ஆட்களும் சுற்றுக் கிராமத்துச் சிங்கள ஆட்களும் வருவார்கள். வடக்கில் போர் மறுபடி தொடங்கி, ரோட்டில் நாலு மைலுக்கு ஒரு செக் பொயின்ட் முளைத்திருந்த காலம்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் தமிழ்ப் பைத்தியம். நான் "பேஷன்ட்" என்றால் "நோயாளர்" என்று திருத்துவார். வாட்டைக்கூடப் "பிரிவு" என்பார். ஒருநாள் ஒரு சிடியைக் கொண்டுவந்து, நோயாளர் விவரமெல்லாம் பதிகிற புரோகிராம் இது, உலகத்தில் யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"ஓசி சாமான் நல்லா இருக்குமாங்க ஐயா?"

"ஓசி எண்டு சொல்லாதையும் பிள்ளை. இதைச் செய்த ஆக்கள் உள்ளுக்கு இருக்கிறதையெல்லாம் திறந்து வைச்சிருக்கினம். ஆரும் பாக்கலாம். பிழையெண்டால் திருத்தலாம். எங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தலாம்."

"மாத்தினா யாரும் கேக்க மாட்டாங்களா?"

"கேக்கமாட்டினம். நன்றி சொல்லுவினம்."

ஒரு கலண்டரை வேறு ஆணியில் மாட்டுவதற்கே மேலிடத்துக்குக் கடிதம் எழுதிப் பழகியவள் நான். எனக்குத் தலை சுற்றியது.

புரோகிராம் முழுக்க இங்கிலீஷ். உள்ளே ஒரு நீளப் பட்டியல் இருந்தது. இடப்பக்கம் இங்கிலீஷ் சொல், வலப்பக்கம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் நாம் எதை எழுதுகிறோமோ அது திரையில் வரும். பின்னேரம் ஓ.பி.டி. முடிந்ததும் டொக்டரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கினோம். நன்றாகத்தான் போனது, டிஸ்சார்ஜ் என்ற சொல் வரும்வரை.

"துண்டு வெட்டுறதுன்னு போடுவோங்க ஐயா" என்றேன். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வாட்டில் இருந்தவர் வீட்டுக்குப் போகிறார் என்றால் அவருக்குத் துண்டு வெட்டியாச்சு.

டொக்டருக்கு முகம் கோணியது. "அது சிங்களத்தில டிக்கட் வெட்டுறது எண்டு சொல்லுற வழக்கு. தமிழில்லை. வெளியேற்றம் எண்டு போடும்."

"வெளியேத்தம்னா வயித்தால போற மாதிரி இருக்குங்க."

"அப்ப, அனுப்பிவைத்தல்?"

"மேல அனுப்பி வச்ச மாதிரியில்ல இருக்கு!"

ஒரு கிழமை இழுபட்டோம். கடைசியில் அவர் ரவுண்ட்ஸ் போயிருந்த நேரம், எனக்கு வந்த எரிச்சலிலும் கொஞ்சம் குறும்பிலும் 'விடுதலை' என்று தட்டிவிட்டேன். எங்கள் வாட்டுச் சோற்றை மூன்று நாள் தின்றவருக்கு வீட்டுக்குப் போவது வேறென்ன? திரையைப் பார்த்த டொக்டர் சிரித்தார். "தூய தமிழ். இருக்கட்டும்" என்றார். விளையாட்டுக்குப் போட்ட சொல் அப்படியே தங்கிவிட்டது. பிரசவத்துக்கு வந்திருந்த தோட்டத்து அக்கா ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, "எனக்கு விடுதலையா? என்னா கேஸ்ல என்னைய புடிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இதற்கிடையில் டொக்டர், காசு கேட்காமல் இன்டர்நெட்டில் போட்டிருக்கும் மருத்துவக் கட்டுரைகளை மாத்தளை டவுனுக்குப் போகும்போதெல்லாம் அச்செடுத்து வருவார். அவர் வாசித்து முடித்ததும் தாள் எனக்கு. ஆஸ்பத்திரியில் எப்போதும் தாள் தட்டுப்பாடு. எனவே அந்த மாதம் வாட்டிலிருந்து வீட்டுக்குப் போனவர்களின் லிஸ்ட்டை அந்தக் கட்டுரைகளின் முதுகில் அச்சடித்தேன். என் சிக்கனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த லிஸ்ட்டை மாத்தளையில் ஒரு கூட்டத்தில் காட்ட வேண்டியிருந்தது. டொக்டருடைய பழைய கார் கராஜில் கிடந்ததால் இருவரும் பஸ் ஏறினோம். செக் பொயின்ட்டில் எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். டொக்டருடைய அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்த இராணுவ சார்ஜன் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பையைத் திறக்கச் சொன்னார்.

அந்தச் சார்ஜன் வடக்கில் வேலை பார்த்தவராம். தமிழைக் கொஞ்சம் எழுத்துக்கூட்டி வாசிப்பார். லிஸ்ட்டை எடுத்துத் தலைப்பில் விரலை வைத்தார்.

"வி... டு... த... லை."

அந்த நாட்களில் நாட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாத தமிழ்ச் சொல் அது ஒன்றுதான். அதன் கீழே வரிசையாகப் பெயர்கள், வயது, ஊர். ஆண்கள் பிரிவு, பெண்கள் பிரிவு. அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்தது. சார்ஜன் தாளைத் திருப்பினார். மறுபக்கம் கொக்கிப் புழுவைப் பற்றிய கட்டுரை. மண்ணிலிருந்து காலுக்கு, காலிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து குடலுக்கு என்று புழு போகும் பாதையைத் தடித்த அம்புக்குறிகளோடு வரைந்திருந்தார்கள். சார்ஜன் அந்த அம்புகளை வெகுநேரம் பார்த்தார்.

"மெப் எகக்?" என்றார். வரைபடமா என்று கேட்கிறார்.

டொக்டர் சிங்களத்தில் பதில் சொல்லப் போனார். அவருடைய சிங்களம் வாயைத் திறந்ததுமே ஊரைச் சொல்லிவிடும். பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். மற்றவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். டொக்டரை உள்ளே வந்து உட்காரச் சொன்னார் சார்ஜன். அப்படி உட்காரப் போனவர்கள் திரும்பிவர எத்தனை மாதம் ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல் என் விளையாட்டு. மாட்டிக்கொண்டவர் அவர்.

"டிக்கட் கபனவா, சேர்!" என்று கத்தினேன். டிக்கட் வெட்டிய ஆட்களின் லிஸ்ட் சேர் இது, ஆஸ்பத்திரி லிஸ்ட்!

சார்ஜன் நம்பவில்லை. அப்போதுதான் அவருக்குப் பின்னால் நின்ற மீசைக்காரச் சிப்பாயைக் கண்டேன். நல்ல காலம், நான் முகம் மறக்கிற ஆள் இல்லை. ஐந்தாவது வரியை வாசியுங்கள் என்றேன். சார்ஜன் எழுத்தெழுத்தாகக் கூட்டினார். ஒரு சிங்களப் பெயர் வந்தது. இன்னொரு முறை கூட்டினார். பிறகு மெதுவாகத் திரும்பி மீசைக்காரரைப் பார்த்தார்.

பெயருக்கு அடுத்த கட்டத்தில் என்ன வருத்தம், என்ன நோய் என்று இருந்தது. அதன்மேல் என் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டேன். நோயாளர் விவரத்தை வெளியில் சொல்லக்கூடாது என்பது டொக்டர் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். இன்றைக்கும் சொல்ல மாட்டேன். மூன்று நாளும் மனிதர் கவிழ்ந்தே படுத்திருந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மீசைக்காரர் என் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவசர அவசரமாக வாய் திறந்தார். ஆமாம் சேர், எனக்கும் டிக்கட் வெட்டினார்கள், இவர்தான் வெட்டிய டொக்டர், நல்ல டொக்டர், லிஸ்ட்டை மடித்துக் கொடுத்துவிடுவோம் சேர். சார்ஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் ஆளே விடுதலைப் பட்டியலில் இருந்தால் அவர்தான் என்ன செய்வார்? அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

பஸ்ஸில் டொக்டர் அட்டையைச் சட்டைப்பைக்குள் போட நாலு முறை முயன்றார். அது போகவில்லை. நான்தான் வாங்கிப் போட்டுவிட்டேன். "மன்னிச்சிருங்க ஐயா" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். அவரை அப்படிப் பார்த்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

திரும்பி வந்ததும் அவரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். அந்தச் சொல்லை அழித்துவிட்டு, ஒற்றை விரலால் 'துண்டு வெட்டு' என்று அடித்தார். தமிழில்லை என்று ஒரு கிழமை சண்டை பிடித்த அதே மனிதர். பிறகு எங்கள் பட்டியல் முழுவதையும், உலகத்தில் யாருக்கும் உதவட்டும் என்று, அந்தப் புரோகிராம் செய்தவர்களுக்கு அனுப்பிவைத்தார்.

சில மாதம் கழித்துப் புதுப் பதிப்பு வந்தது. போட்டுத் திறந்தால், பொத்தானில் மறுபடியும் 'விடுதலை'. வேறு நாட்டில் இருந்த யாரோ ஒரு தமிழர் குறிப்பும் எழுதியிருந்தார். துண்டு வெட்டு என்பது பிழையாகத் தெரிகிறது, திருத்தியிருக்கிறேன், விடுதலைதான் அழகான தமிழ், வேண்டுமானால் நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

நான் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறிப்பை இரண்டு முறை வாசித்தார். சிரிக்கவில்லை.

"அழகான தமிழ்தான்" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "அதுக்குத் துண்டு வெட்டும், பிள்ளை" என்றார்.

வெட்டினேன்.