சாக்கை அவிழ்க்கச் சொன்ன வகுப்பு

எண்பதுகளில் ஏற்காட்டைச் சுற்றியிருந்த எஸ்டேட்டுகளுக்கு நர்சாகப் போய்வந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. படிப்பைவிட வாய் கொஞ்சம் அதிகம்.

இருமினால், தும்மினால், மூட்டையைத் தூக்கினால் சிறுநீர் கசியும் தொல்லை வயதான பெண்கள் பலருக்கு இருந்தது. ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம். அது உடம்பைக் கெடுக்கும், சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கித் தளர்த்திப் பழகினாலே பலருக்கும் குறையும் என்று சொல்லித்தர, ஒரு எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்தில் வகுப்பு வைத்தேன்.

வேலை முடிந்து நேராக வந்தார்கள். காப்பிப் பழம் பறிப்பவர்கள் சேலைக்கு மேல் இடுப்பைச் சுற்றிச் சாக்கு கட்டியிருப்பார்கள். சாக்கெல்லாம் ஒரே சேறு. நான் சேலத்திலிருந்து புது ஜமுக்காளம் கொண்டுபோய் விரித்திருந்தேன். சாக்கை வாசலில் அவிழ்த்துப் போட்டுவிட்டு உட்காரச் சொன்னேன்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். அறுபதை நெருங்கிய ஓர் அம்மா மட்டும் சாக்கோடு சுவரோரம் நின்றார். நின்றே கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வேறொருத்தியை விட்டு அவர் சாக்கை அவிழ்க்கவைத்தேன். சேலையின் பின்பக்கம் நனைந்திருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எந்தத் தொல்லையைப் பற்றிப் பேச மலையேறி வந்தேனோ, அது என் கண்ணெதிரே நின்றது. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தச் சாக்கு சேற்றுக்காக மட்டும் கட்டியதல்ல என்று ஏன் தோன்றாமல் போனது? இன்றும் நினைத்தால் கூசுகிறது.

மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. நான்காம் நாள் எஸ்டேட் தொழிலாளர் வரிசையில் அவர் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனேன். உதடு வெடித்திருந்தது, தண்ணீரை அடியோடு நிறுத்தியிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். பயிற்சியை இப்போதே, தனியாகச் சொல்லித்தருகிறேன் என்றேன். வாசலை விட்டு அவர் நகரவில்லை.

"நீங்க சொல்ல வந்தது நொம்ப நல்ல சேதிதானுங்க நர்சம்மா. அன்னிக்கு நிக்க உட்டிருந்தா நானும் கத்துக்கிட்டிருப்பனுங்க. இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்தப் பொம்பளைங்களோட காட்டுக்குப் போவேன்?"

 அடுத்த வாரம் அவர் அடிவாரத்தில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அதன் பிறகு அதே காப்பகத்தில் நடத்திய வகுப்புகளில் நான் ஜமுக்காளம் விரிக்கவில்லை. எல்லோரும் சாக்கோடு நின்றே கேட்டார்கள். தொல்லை குறைந்ததாகச் சிலர் வந்து சொன்னபோதெல்லாம், அவர் நின்ற சுவரோரத்தைத்தான் பார்த்தேன்.